எட்டு போதும் என்றேன்

என் மனைவியின் தம்பி தன் பட்டறைக்கு ஒரு சி.என்.சி. லேத் வாங்குவதற்கு முன்பு என்னிடம் வந்து, எட்டு டூல் பிடிக்கிற மெஷினா, பன்னிரண்டு டூல் பிடிக்கிற மெஷினா, எதை வாங்கட்டும் என்று கேட்டான். பன்னிரண்டு என்பதுதான் சரியான பதில் என்று எனக்குத் தெரியும். எட்டு போதும் என்றேன். தெரியாமல் சொன்னதில்லை. யோசிக்காமல் சொன்னதும் இல்லை. அவன் தனக்கு ஒத்துவராத மெஷினை வாங்கிக் கொஞ்சம் அவதிப்பட வேண்டும் என்று விரும்பித்தான் சொன்னேன். எழுத எழுத மனம் இதற்குச் சமாதானம் தேடும் என்று தெரியும். அதனால் இந்த வரிகளை முதலிலேயே எழுதி வைத்துவிட்டேன்.

அன்றைய மத்தியானம் அப்படியே நினைவில் இருக்கிறது. எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேஜையில் அவன், மெஷின் கம்பெனிக்காரன் கொடுத்த வழவழப்பான படத்தாள்களை விரித்தான். மின்விசிறிக் காற்றில் அவை பறந்தன. ஒரு மூலையில் ஊறுகாய் ஜாடியையும் இன்னொரு மூலையில் தன் வண்டிச் சாவியையும் வைத்தான். நகக் கண்களில் எண்ணெய்க் கருப்பு. எத்தனை சோப்பு போட்டாலும் அது போகாது. அந்த விரலால் இரண்டு படங்களையும் மாறி மாறித் தொட்டான். மரியாதைக்குரிய இடத்துக்கு வந்து உட்காருகிறவன் போலத்தான் எப்போதும் என் எதிரே உட்காருவான். அன்றும் நாற்காலியின் நுனியில்தான் உட்கார்ந்திருந்தான்.

லேத் பட்டறைப் பக்கம் போகாதவர்களுக்கு இதைச் சொல்லிவிட வேண்டும். பழைய லேத்தில் இரும்பைச் சக் என்ற பிடியில் மாட்டிச் சுழலவிட்டு, டர்னர் தன் கையாலேயே டூலைக் கொண்டுபோய் வெட்டுவார். கம்ப்யூட்டர் சொற்படி ஓடும் சி.என்.சி. லேத்தில் அந்த வேலையை டரெட் என்ற கனமான உருளை செய்யும். அதைச் சுற்றி வரிசையாக முகங்கள். முகத்துக்கு ஒரு டூல். ஒன்று மேற்புறத்தைச் சீவும், ஒன்று துளை போடும், ஒன்று உள்ளே குடையும், ஒன்று மரை வெட்டும். ஒன்றின் வேலை முடிந்ததும் டரெட் கண்ணிமைக்கும் நேரத்தில் திரும்பி அடுத்ததை முன்னே கொண்டுவரும். எத்தனை முகம் என்பதுதான் அவன் கேட்ட கேள்வி. மாதக்கணக்கில் ஒரே பொருளைச் செய்யும் பெரிய தொழிற்சாலைக்கு எட்டு தாராளம். ஒருமுறை மாட்டினால் மாட்டியதுதான். கூலிக்கு வேலை செய்து கொடுக்கும் பட்டறையின் கதை வேறு. காலையில் வாலாஜாபாத் அரிசி ஆலைக்கு நாலு புஷ், மத்தியானம் போர்வெல் மோட்டாருக்கு இரண்டு கப்ளிங், சாயங்காலம் டிராக்டர் ரொட்டவேட்டருக்குக் கைப்பிடி அளவு பின். ஒவ்வொன்றுக்கும் டூல் வேறு வேறு. பன்னிரண்டு முகம் இருந்தால் அடிக்கடி தேவைப்படுவதெல்லாம் அதனதன் இடத்திலேயே நிற்கும். எட்டு என்றால் ஜாப் மாறும்போதெல்லாம் இரண்டு மூன்றைக் கழற்ற வேண்டும், வேறு மாட்ட வேண்டும், புதிதாக மாட்டியதன் முனை எங்கே இருக்கிறது என்று அளந்து மெஷினுக்குச் சொல்ல வேண்டும். அதுவரை அவ்வளவு விலை கொடுத்து வாங்கிய மெஷின் சும்மா நிற்கும்.

இது எனக்குப் பாடப் புத்தகத்தில் படித்த விஷயம் அல்ல. ஸ்ரீபெரும்புதூர் பக்கம் ஒரு பெரிய தொழிற்சாலையில் இப்படிப்பட்ட மெஷின்களைத் தேர்வு செய்வதே கடைசிப் பல ஆண்டுகள் என் வேலையாக இருந்தது. ஓய்வு பெற்று உத்திரமேரூருக்கே திரும்பி வந்து வீடு கட்டிக்கொண்டேன். மைத்துனன் ஐ.டி.ஐ.யில் டர்னர் படித்தவன். வந்தவாசி போகும் சாலையில் தகரக் கொட்டகை போட்டு, இரண்டு பழைய லேத்தை வைத்துப் பிழைத்தான். ஒரகடம் பக்கத்துப் பம்ப் கம்பெனி ஒன்று, சி.என்.சி. இருந்தால் சின்னச் சின்ன ஆர்டர்களாக நிறைய தருகிறோம் என்று சொல்லியிருந்தது. அதை நம்பி, ஏரிப் பாசனத்தில் இருந்த நிலத்தில் பாதியை விற்றுவிட்டு வந்திருந்தான். மீதிப் பாதியும் நிற்குமா என்பது இந்த மெஷின் ஓடுவதைப் பொறுத்துத்தான் இருந்தது. இதுவும் எனக்குத் தெரியும்.

அப்படியானால் ஏன் செய்தேன்? ஒரு சம்பந்தம் கைகூடாததால்தான். என் மகனுக்கும் அவன் மகளுக்கும் முடிக்க வேண்டும் என்பது அந்தப் பெண் தொட்டிலில் கிடந்த நாளிலிருந்து குடும்பத்தில் பேசிவந்த பேச்சு. அத்தை மகன், மாமன் மகள், கேட்கவே வேண்டாத முறை. நேரம் வந்தபோது நானும் மனைவியும் தட்டில் வெற்றிலை பாக்கு, பூ, பழம் வைத்து எடுத்துக்கொண்டு போனோம். பெண்ணைக் கேட்கப் போகிறோம் என்ற நினைப்பே இல்லை, நாள் குறிக்கப் போகிறோம் என்றுதான் போனோம். அவன் தட்டை வாங்கவில்லை. கூடத்தின் நடுவில் நின்றுகொண்டு, என் முகத்தைப் பார்க்காமல், "ஜாதகம் சேரலைன்னு சொல்லிட்டாங்க மாமா" என்றான். கோவிலுக்குப் போனால்கூட வெளியே நின்று செருப்புக்குக் காவல் இருக்கிறவன். தன் கல்யாணத்துக்கே ஜாதகம் பார்க்காதவன். அவன் வாயிலிருந்து அப்படி ஒரு சாக்கு வந்தது எனக்குக் கன்னத்தில் அறைந்த மாதிரி இருந்தது. திரும்பி வரும் வழியெல்லாம் மனைவி காரில் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். மகன் மட்டும் விஷயத்தைக் கேட்டு அமைதியாக இருந்தான். அடிபட்டதை வெளியே காட்டாமல் இருக்கிறான் என்று நினைத்து, அவனுக்காகவும் சேர்த்து நானே கோபப்பட்டேன். சில மாதங்கள் கழித்து அவன் தன்னோடு வேலை செய்யும் ஒரு பெண்ணைப் பற்றிச் சொன்னபோது, சொந்தத்திலேயே மதிப்பில்லை, இனி யாராக இருந்தால் என்ன என்று கசப்போடு சம்மதித்தேன். கல்யாணம் முடிந்தது. மைத்துனன் வந்து முதுகு ஒடிய வேலை செய்தான், தாய்மாமன் முறையெல்லாம் குறைவில்லாமல் செய்தான். அதையும் நான் குற்ற உணர்ச்சி என்றுதான் எடுத்துக்கொண்டேன்.

இவ்வளவும் ஆன பிறகுதான் அவன் அந்தப் படத்தாள்களோடு வந்தான்.

"மாமா, எட்டு ஸ்டேஷன் ஒண்ணு கீது, பன்னெண்டு ஸ்டேஷன் ஒண்ணு கீது. சேல்ஸ்காரன் ரெண்டுமே நல்லதுதான்றான். அவனுக்கு இன்னா, வித்துட்டுப் போயிடுவான். நீங்க சொல்லுங்க. நான் கண்ண மூடிக்கினு வாங்கிட்றேன்."

நான் சொன்ன பதிலில் ஒரு பொய்கூட இல்லை. அதுதான் இத்தனை நாளும் எனக்கு ஒளிந்துகொள்ள இடமாக இருந்தது. எங்கள் தொழிற்சாலையில் எல்லாம் எட்டுதான் என்றேன், உண்மை. எட்டில் டூலின் தண்டு தடிமன், ஆழமாக வெட்டினாலும் அதிராது என்றேன், உண்மை. பன்னிரண்டில் டூல்கள் நெருக்கமாக நிற்கும், பெரிய விட்டமுள்ள இரும்பைப் பிடித்தால் பக்கத்து டூல் போய் இடிக்கும் என்றேன், அதுவும் உண்மை. ஆழமாக வெட்ட வேண்டிய, கரும்பு பிழியும் மெஷின்களின் தண்டுகளை அவன் எப்படியும் பழைய லேத்தில்தான் போடுவான் என்பதையும், பெரிய விட்டம் அவனிடம் எப்போதோ ஒருமுறைதான் வரும் என்பதையும் மட்டும் சொல்லவில்லை. தொழில் தெரிந்தவன் இன்னொருவனைக் கெடுக்க நினைத்தால் பொய்யே வேண்டாம். எந்த உண்மையை விடுவது என்று தெரிந்தால் போதும்.

அவன் உடனே தலையாட்டிவிடவில்லை. விரல் பன்னிரண்டின் படத்திலேயே நின்றது. "நம்மகிட்ட ஜாப்பு தினுசு தினுசா வருமே மாமா. அதுக்குப் பரவால்லியா?" என்றான். சரியான கேள்வி. அந்த இடத்தில் நான் திரும்பியிருக்கலாம். ஆமாம், அதை யோசிக்க வேண்டும், பட்டறைக்கு வந்து ஒருநாள் பார்த்துவிட்டுச் சொல்கிறேன் என்று சொல்லியிருந்தால் இந்த எழுத்துக்கே வேலை இருந்திருக்காது. நான் சிரித்தேன்.

"காரு இஞ்சின் பார்ட்டையே நாலு டூல்ல முடிச்சிருக்கோம்டா மச்சான். உன் கரும்பு மெஷினுக்குப் பன்னெண்டு கேக்குதா?"

காபி கொண்டுவந்த என் மனைவியும் சிரித்தாள். அவன் முகம் கொஞ்சம் சிவந்து, பிறகு அவனும் சிரித்தான். "அதுவும் சரிதான்" என்று தாள்களை மடித்தான். படித்தவன் ஒருவன் சிரித்துவிட்டால் அதன்மேல் இன்னொரு கேள்வி கேட்க எங்கள் பக்கத்து மனிதர்களுக்கு மனம் வராது. அது எனக்கு நன்றாகத் தெரியும். அதனால்தான் சிரித்தேன்.

மெஷின் வந்தது. லாரியிலிருந்து கிரேன் வைத்து இறக்கும்போது தெருவே கூடியது. எலுமிச்சம்பழம் வைத்து, பூசணிக்காய் உடைத்து, டரெட்டின் எட்டு முகத்துக்கும் மஞ்சள் குங்குமம் இட்டார்கள். முதல் பொத்தானை அழுத்தச் சொல்லி என்னைத்தான் முன்னே தள்ளினான். அழுத்தினேன். டரெட் ஒரு சுற்றுச் சுற்றி நின்றது. குழந்தைகள் கை தட்டின.

அடுத்த சில மாதங்களில் நான் நினைத்ததுதான் நடந்தது. நினைத்ததைவிடக் கூடுதலாக நடந்தது. பம்ப் கம்பெனி சொன்னபடி ஆர்டர் தந்தது. ஒவ்வொன்றும் கொஞ்சம் கொஞ்சம், ஒவ்வொன்றும் வேறு வேறு. வெட்டுகிற நேரத்தைவிட டூல் மாற்றுகிற நேரம் அதிகமானது. மாற்றும் வேலையை வேறு யாரையும் நம்பி விடாமல் அவனே செய்தான். நான் போகும்போதெல்லாம் கதவு திறந்திருக்கும். அவன் இடுப்புவரை மெஷினுக்குள் இருப்பான். கூலன்ட் எண்ணெய் சொட்டிச் சட்டை முதுகோடு ஒட்டியிருக்கும். ஒருநாள் அவன் மனைவி டிபன் கேரியரோடு வந்து, அதை வைக்க இடம் தேடிக்கொண்டே என்னிடம் முறையிட்டாள்.

"இன்னா அண்ணா, நாஷ்டா கொண்டாந்தாலும் இவரு தலைய உள்ள வுட்டுக்கினுதான் கீறாரு, சாப்பாடு கொண்டாந்தாலும் தலைய உள்ள வுட்டுக்கினுதான் கீறாரு. நாங்க மெஷின வாங்கினோமா, மெஷினு எங்கள வாங்கிச்சா?"

உள்ளேயிருந்து அவன் குரல் எதிரொலித்தது: "அண்ணங்கிட்ட கோள் சொல்றதுக்குன்னே சோறு கொண்டாருவா மாமா இவ."

"கோளு சொல்லாம? வூட்டுக்கு வந்தாலும் ஸ்பேனரு கையிலதான். அத அப்படியே மடியில வெச்சி தூங்க வெச்சிக்கோ."

மூவரும் சிரித்தோம். அன்று வீட்டுக்கு நடந்து வரும்போது உள்ளூர ஒரு திருப்தி இருந்தது என்பதையும் எழுதத்தான் வேண்டும். தட்டை வாங்காமல் நின்றாயே, படு என்று மனம் சொன்னது. என் வயதுக்கும் படிப்புக்கும் அது எவ்வளவு சின்ன எண்ணம் என்று அப்போதும் தெரிந்தது. தெரிந்தும் அதை விரட்டவில்லை.

அந்தப் பொங்கலுக்கு மகன் வந்திருந்தான். சாப்பிட்டுவிட்டு இருவரும் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தோம். மாமா பட்டறை எப்படிப் போகிறது என்று கேட்டான். நான், "திணறிக்கிட்டு இருக்கான். மெஷினுக்கும் ஜாதகம் பார்த்து வாங்கியிருக்கணும்" என்றேன். நன்றாகச் சொல்லிவிட்டதாக நினைத்துக்கொண்டேன். அவன் சிரிக்கவில்லை. கையிலிருந்த கரும்புத் துண்டைக் கீழே வைத்தான்.

"அப்பா, ஜாதகமெல்லாம் ஒண்ணும் இல்லப்பா. நான்தான் மாமாகிட்டப் போய்ச் சொன்னேன். ஆஃபீஸ்ல ஒரு பொண்ணு இருக்கு, உங்ககிட்டச் சொல்ல பயமா இருக்குன்னு. பாப்பா எனக்குத் தங்கச்சி மாதிரி, எப்படியாவது நீங்களே வேணாம்னு சொல்லிடுங்க மாமான்னு கெஞ்சினேன். நான் பாத்துக்கறேன் போன்னார். என் கல்யாணத்துக்கு அப்புறம் உங்ககிட்டச் சொல்லிடலாம்னு இருந்தேன். தள்ளிப் போட்டுக்கிட்டே வந்துட்டேன்."

என்ன சொல்லி எழுந்து உள்ளே போனேன் என்று நினைவில்லை. தன் அக்கா அழுததையும், நான் ஊரில் அவனைப் பற்றிப் பேசியதையும், தன் மகளை வைத்தே தன்மேல் விழுந்த பழியையும் அவன் ஒரு வார்த்தை பேசாமல் வாங்கிக்கொண்டிருந்திருக்கிறான். எல்லாம் என் மகன் என்னிடம் திட்டு வாங்கக் கூடாது என்பதற்காக. அவன் ஒரே ஒரு பொய் சொல்லி என் வீட்டைக் கலையாமல் காத்திருக்கிறான். நான் உண்மைகளாகவே அடுக்கி அவன் பிழைப்பில் கை வைத்திருக்கிறேன்.

உடனே ஓடிப்போய்ச் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. சொன்னால் அவன் என்ன நினைப்பான் என்பதைவிட, இனி அந்த நாற்காலி நுனியில் உட்கார்ந்து என்னைப் பார்க்க மாட்டானே என்ற பயம் பெரிதாக இருந்தது. சொல்லாமலே எப்படியாவது சரிசெய்துவிடலாம் என்று நாட்களைக் கடத்தினேன். அதற்குள் விபத்து நடந்துவிட்டது.

பம்ப் கம்பெனி வேலை ஒன்று அவசரமாகப் போக வேண்டியிருந்தது. முந்தைய ஜாப்புக்கு மாட்டியிருந்த குட்டையான டூலைக் கழற்றிவிட்டு, உள்ளே குடைகிற நீளமான போரிங் பாரை மாட்டியிருக்கிறான். நீளம் மாறியதை மெஷினுக்குச் சொல்ல மறந்துவிட்டான். மெஷினுக்குப் பழைய கணக்குதான் தெரியும். பார் முழு வேகத்தில் போய்ச் சுழன்றுகொண்டிருந்த சக்கில் மோதிவிட்டது. நான் போய்ச் சேர்ந்தபோது போரிங் பார் ஒடிந்து கிடந்தது. டரெட் தன் நேர்கோட்டிலிருந்து விலகியிருந்தது. கதவு மூடியிருந்ததால் ஆளுக்கு ஒன்றும் ஆகவில்லை. அவன் தரையில் உட்கார்ந்து, ஒடிந்த துண்டைக் கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"என் தப்புதான் மாமா. வயசாவுது. கண்ணும் தெரியல, கவனமும் இல்ல. உங்கள மாதிரி ஆளு இந்தத் தப்பு பண்ணுவாங்களா?"

பன்னிரண்டு முகம் இருந்திருந்தால் அந்தப் போரிங் பார் எப்போதும் தன் இடத்திலேயே நின்றிருக்கும். அன்று அதை மாட்டவும் வேண்டாம், மறக்கவும் வேண்டாம். நான் சட்டைக் கையை மடித்துவிட்டு, டயல் கேஜ் என்ற அளவுக் கருவியை வைத்து டரெட்டை நேராக்க உட்கார்ந்தேன். சரியாவதற்குள் கெடு தாண்டிவிட்டது. பம்ப் கம்பெனி அடுத்தடுத்த ஆர்டர்களை வேறு பட்டறைக்கு மாற்றிவிட்டது. மீதி நிலத்தை விலை கேட்டு ஆள் வருவதாக அவன் மனைவி என் மனைவியிடம் சொல்லி அழுதாள். அவன் காஞ்சிபுரத்துக்குப் போய்க் கண் பரிசோதனை செய்துகொண்டு கண்ணாடி போட்டுக்கொண்டு வந்தான். அந்தக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, "இனிமே தப்பு வராது மாமா" என்று அவன் சொன்னபோது என்னால் அவன் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

மறுநாளிலிருந்து பட்டறைக்குப் போகத் தொடங்கினேன். காலையில் போனால் மாலையில்தான் திரும்புவேன். டரெட்டை மட்டும் கழற்றிப் பன்னிரண்டாக மாற்ற வழியில்லை. அந்த மெஷினின் உடம்பே எட்டுக்காக வார்த்தது. இருக்கிற எட்டை வைத்து என்ன செய்யலாம் என்று பார்த்தேன். அவனிடம் வரும் வேலைகளையெல்லாம் எடுத்துப் பரப்பி, இன்னின்னவற்றுக்கு இன்னின்ன டூல் பொது என்று பிரித்தேன். எல்லாவற்றுக்கும் பொதுவாக வரும் டூல்களை நிரந்தரமாக மாட்டி, இரண்டே முகங்களை மட்டும் மாற்றுவதற்கென்று ஒதுக்கினேன். ஒரே முகத்தில் முன்னும் பின்னுமாக இரண்டு டூல் உட்காரும்படியான ஹோல்டர்களை வரைந்து, அம்பத்தூரில் எனக்குத் தெரிந்த இடத்தில் செய்து வாங்கினேன். மாற்ற வேண்டிய டூல்களையும் வெளியிலேயே ஒரே நீளத்துக்கு வைத்துப் பூட்டும்படி ஒரு கட்டை செய்தோம். கொஞ்சம் கொஞ்சமாக மெஷின் ஓடுகிற நேரம் கூடியது. பன்னிரண்டு ஆகிவிடவில்லை, ஆனால் மூச்சு விட முடிந்தது. நான் பழைய நண்பர் ஒருவரிடம் பேசியதில் வேறொரு கம்பெனியின் வேலை வந்தது. நிலத்தை விலை கேட்டு வந்தவனை அவன் திருப்பி அனுப்பினான்.

நான் எதிர்பாராதது அதற்குப் பிறகு வந்த புகழ். "மாமா வந்து கைய வெச்சப்புறந்தான் இது மெஷினே ஆச்சி" என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொன்னான். அவன் மனைவி, அண்ணனுக்கு என்று தனியாக மீன் குழம்பு கொடுத்தனுப்பினாள். என் மனைவி தெருவில் தலை நிமிர்ந்து நடந்தாள். தட்டு விஷயத்தையெல்லாம் மறந்து மைத்துனனுக்கு உதவுகிற பெரிய மனுஷன் என்று என்னைப் பற்றிச் சொந்தக்காரர்கள் பேசிக்கொண்டார்கள். அந்த மீன் குழம்பை மனைவியின் தட்டுக்கே தள்ளினேன்.

ஒருநாள் மத்தியானம் கரண்ட் போய்விட்டது. பட்டறையில் நாங்கள் இருவர் மட்டும் இருந்தோம். மெஷின்கள் நின்றதும் தகரக் கூரை சூட்டில் படபடவென்று முறுகுகிற சத்தம் மட்டும் கேட்டது. அவன் கழிவுப் பஞ்சில் கை துடைத்துக்கொண்டிருந்தான்.

"மச்சான், அன்னிக்கு நீ கேட்டப்போ உனக்குப் பன்னெண்டுதான் சரி."

"உடுங்க மாமா. அன்னிக்கு யாருக்குத் தெரியும்?"

"எனக்குத் தெரியும். தெரிஞ்சுதான் எட்டுன்னு சொன்னேன். நீ பொண்ணு குடுக்கலன்ற கோவம். நீ கொஞ்சம் கஷ்டப்படணும்னுதான் சொன்னேன்."

துடைத்துக்கொண்டிருந்த கை நின்றது. கண்ணாடியைக் கழற்றிச் சட்டைப் பையில் வைத்தான். பையன் என்னிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டான் என்பதையும் சொன்னேன். மன்னித்துவிடு என்று கேட்க நினைத்திருந்தேன். அந்த நேரத்தில் அதுவும் அவனிடம் இன்னொன்றைக் கேட்டு வாங்குவது போல இருந்தது. இந்த மெஷினை விற்றுவிட்டு வேறு வாங்கிக்கொள், குறைகிறதை நான் போடுகிறேன் என்றேன்.

"வேணாம் மாமா. இதுங்கூடப் பழகிட்டேன்." பஞ்சை மூலையில் எறிந்துவிட்டு, "நிலத்த வித்துட்டு வந்தேன்னு சொல்லித்தானே மாமா கேட்டேன்?" என்றான்.

"ஆமாம்."

அவன் தலையை ஆட்டினான். "அக்காவுக்குத் தெரியுமா?"

"தெரியாது."

"சொல்லாதீங்க. அது தாங்காது. என்னிய நெனச்சி இல்ல, உங்கள நெனச்சி. உங்களப் பத்தி அவ்ளோ பெருமை அதுக்கு."

கரண்ட் வந்தது. மெஷினின் விளக்குகள் எரிந்தன. அவன் எழுந்து போய் அதைத் தொடக்க நிலைக்குக் கொண்டுவரும் வேலையைப் பார்த்தான். அவன் கேட்டுக்கொண்டபடி என் மனைவியிடம் சொல்லவில்லை. போன மழைக்காலத்தில் அவள் இறந்துபோனாள். அதனால்தான் இப்போது எழுத முடிகிறது.

நான் அதைச் சொன்ன பிறகும் அவன் என்னை ஒரு சொல்லும் கடிந்து பேசியதில்லை. பொங்கலுக்கு அக்காவுக்குச் சீர் வந்தது. கறி எடுத்தால் எங்கள் வீட்டுக்கும் பங்கு வந்தது. எதிரே வந்தால் வண்டியை நிறுத்தி இறங்கிவிட்டுத்தான் பேசுவான். ஒன்று மட்டும் நின்றுபோனது. முன்பெல்லாம் மகளை எந்தக் கல்லூரியில் சேர்ப்பது, டாக்டர் எழுதிய மாத்திரையைத் தொடர்ந்து சாப்பிடலாமா, எந்த ஃபோன் வாங்குவது என்று எதற்கெடுத்தாலும் என்னைக் கேட்பான். கரண்ட் போன அந்த நாளுக்குப் பிறகு அவன் என்னிடம் எதையும் கேட்டதில்லை. எல்லாம் முடிந்த பிறகு செய்தியாகத்தான் வந்து சேரும். மகளுக்குச் செங்கல்பட்டில் மாப்பிள்ளை முடிவானதும் அப்படித்தான், இரண்டாவது மெஷின் வாங்கியதும் அப்படித்தான்.

மனைவி இருந்தபோதே நடந்த அந்த இரண்டாவது மெஷினின் பூஜைக்கு நாங்கள் இருவரும் போயிருந்தோம். பெரியவர் என்று என்னைத்தான் தேங்காய் உடைக்கச் சொன்னான். டரெட்டுக்குக் குங்குமம் வைத்தபோது எண்ணிப் பார்க்காமலே தெரிந்தது, பன்னிரண்டு. பூஜை முடிந்து எல்லார் கையிலும் சுண்டல் கொடுத்தார்கள். வாலாஜாபாத்தில் லேத் பட்டறை வைத்திருக்கும் ஒருவர், அவனுக்கு நண்பர், என்னிடம் வந்து வணக்கம் வைத்தார்.

"சார்தானே பெரிய கம்பெனில மெஷினெல்லாம் செலக்ட் பண்ணவரு? நானும் ஒண்ணு புக் பண்லாம்னு கீறேன் சார். எட்டா, பன்னெண்டான்னு ஒரே பேஜாரா கீது. நீங்க ஒரு வார்த்தை சொன்னீங்கன்னா..."

சொல்வதற்கு வாயைத் திறந்தேன். இந்த முறை சரியாகச் சொல்ல வேண்டும் என்று எவ்வளவு ஆசைப்பட்டேன் என்பதை எழுத்தில் சொல்ல முடியவில்லை. அதற்குள் மைத்துனன் கூட்டத்தை விலக்கிக்கொண்டு எங்களுக்கு நடுவில் வந்துவிட்டான். முகத்தில் சிரிப்புதான் இருந்தது. நண்பரின் தோளில் கை போட்டான்.

"மாமாவ ஏம்பா தொந்தரவு பண்ற? அவரு ரிட்டயர்டு ஆயி எவ்ளோ நாளாச்சி. நீ வா, நான் சொல்றேன். உனக்கு மொதல்ல இன்னா இன்னா ஜாப்பு வருது, அத்தச் சொல்லு."

அவரை மெஷின் பக்கம் அழைத்துக்கொண்டு போனான். திறந்த கதவுக்குள் இருவரும் குனிந்து பார்ப்பதும், அவன் விரல் ஒவ்வொரு முகமாகத் தொட்டுக் காட்டுவதும் தெரிந்தது. பேச்சுச் சத்தத்தில் என்ன சொன்னான் என்று கேட்கவில்லை.

என் பக்கத்தில் நின்ற மனைவிக்கு அது பிடிக்கவில்லை. குரலைத் தாழ்த்தி, "ஏங்க, உங்களத்தானே அந்த மனுஷன் கேட்டாரு? இவன் ஏன் நடுவுல பூந்து இழுத்துக்கினு போறான்? நீங்களாவது போய்ச் சொல்லுங்களேன்" என்றாள்.

"அவனே நல்லாச் சொல்லுவான்" என்றேன்.

"உங்களவிடவா?" என்று கேட்டுவிட்டு, என் கையில் ஆறிக்கொண்டிருந்த சுண்டலைச் சாப்பிடச் சொன்னாள்.